காசநோய் இறப்பில்லாத் திட்டமும் சிறுநீரக நோயாளிகளும்

தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின் அடிப்படை எளிமையானது. காசநோய் உறுதியானதும் எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, துணையின்றி நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்த்து, நிலை மோசமானவர்களைத் தாமதமின்றி மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். இதற்கு ஆய்வகம் தேவையில்லை, செவிலியரே செய்துவிடலாம். திட்டத்தின் பலம் இதுதான். ஆனால் சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு இது போதுமானதாக இல்லை.

முதல் குறை, இந்த வடிகட்டல் நோய் உறுதியான பிறகே தொடங்குகிறது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு நோய் எதிர்ப்பாற்றல் குறைவு. காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அது நுரையீரலை விட்டுக் கழுத்து நிணநீர்க் கட்டி, வயிற்று உறை, நுரையீரல் உறை, முதுகெலும்பு ஆகிய இடங்களில் ஒளிந்துகொள்வதும் உண்டு. இருமல், சளி இருக்காது. பசியின்மை, சோர்வு, மெலிவு ஆகியவை சிறுநீரக நோயின் அறிகுறிகளாகவே கொள்ளப்படும். தோலில் செய்யும் மாண்டூ சோதனையும் பலருக்குப் பொய்யாக ‘இல்லை’ என்று காட்டும்.

இரண்டாவது குறை எடை. உடல் நிறை எண் 14 அல்லது அதற்குக் கீழ் இருந்தாலோ, கால் வீக்கத்துடன் 16 அல்லது அதற்குக் கீழ் இருந்தாலோ கடும் ஊட்டக்குறைவு என்று கொள்ளப்படுகிறது. 160 செ.மீ. உயரமுள்ள ஒருவரின் நீர் நீங்கிய எடை 35 கிலோ என்றால் எண் 13.7. கால் வீங்காமலே உடலில் 3 கிலோ நீர் சேர்ந்தால் அது 14.8 ஆகிவிடும். தராசு நீரையும் சேர்த்தே நிறுக்கிறது. நோயாளி பட்டியலிலிருந்து நழுவிவிடுகிறார்.

மூன்றாவது, மருந்து. நான்கு மருந்துகளையும் ஒரே மாத்திரையில் சேர்த்துத் தினமும் தருவது பொது வழக்கம். எத்தாம்பியூட்டாலும் பைராசினமைடும் உடலை விட்டு வெளியேறச் சிறுநீரகத்தையே பெரிதும் நம்பியிருப்பவை. இவ்விரண்டையும் வாரம் மூன்று முறை, டயாலிசிஸ் முடிந்த பிறகு தருவதே முறை. எத்தாம்பியூட்டால் உடலில் தேங்கினால் பார்வை நரம்பு கெடும்.

டயாலிசிஸ் நோயாளிகளுக்குக் காசநோய்த் தொற்றைச் சோதித்துத் தடுப்பு மருந்து தரலாம் என்று 2021ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டுதல் ஏற்கெனவே சொல்கிறது. தேவைப்படுவது புதிய திட்டம் அல்ல, இருப்பவற்றை இணைப்பது. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கங்களிலிருந்து பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு டயாலிசிசுக்கு வருபவரை அங்குள்ள செவிலியர் வாரத்தில் இரண்டு மூன்று முறை பார்க்கிறார். வேறெந்த நோயாளியும் இத்தனை முறை மருத்துவப் பார்வையில் படுவதில்லை. ஒவ்வொரு முறையும் காய்ச்சல், பசி, கழுத்துக் கட்டி ஆகிய மூன்றையும் கேட்டு, நீர் நீங்கிய எடை மாதத்துக்கு மாதம் குறைகிறதா என்றும் பார்த்து டயாலிசிஸ் தாளிலேயே குறித்தால் போதும். சந்தேகம் எழுந்தால் சளிக்காகக் காத்திராமல் கட்டியிலிருந்தோ நீரிலிருந்தோ மாதிரி எடுக்கலாம். இறப்பைத் தடுக்கும் வேலை இவர்களுக்கு டயாலிசிஸ் கட்டிலிலேயே தொடங்க வேண்டும்.