எண்பதாவது பந்துக்குப் பிறகு

பேஸ்பால் மேனேஜருக்கு மிகக் கடினமான முடிவு, அருமையாக வீசிக்கொண்டிருக்கும் பந்துவீச்சாளரை மாற்றுவது. ஒருமுறை வெளியே வந்தவர் அந்த ஆட்டத்தில் மறுபடி இறங்க முடியாது. அமெரிக்காவின் மேஜர் லீகில் ஓர் அணி ஒரு பருவத்துக்கு 162 ஆட்டங்கள் ஆடுகிறது. மேனேஜரும் அவருக்குப் பின்னால் இருக்கும் புள்ளிவிவரக் குழுவும் அந்த 162 ஆட்டங்களையும், அதற்குப் பிறகு அக்டோபரில் வரும் பிளேஆஃப் ஆட்டங்களையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். டிக்கெட் வாங்கிக் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருக்கும் ரசிகருக்கோ அந்த ஒரு ராத்திரிதான். அணியின் வருமானத்தில் ஒரு பெரிய பங்கு அந்த ரசிகரிடமிருந்து வருகிறது என்பதால், இரண்டில் ஒன்றை ஒதுக்கிவிட்டு எந்த மேனேஜரும் நெடுநாள் பிழைக்க முடியாது.

தரவின் வாதம் எளிமையானது. ஒரே ஆட்டத்தில் ஒரே பந்துவீச்சாளரை முதல்முறை சந்திக்கும் பேட்டர் திணறுவார். இரண்டாம் முறை பந்தின் வேகமும் வளைவும் கொஞ்சம் பிடிபடும். மூன்றாம் முறை வரும்போது பந்துவீச்சாளரின் தோள் களைத்திருக்கும், பேட்டரின் கண் பழகியிருக்கும். பல்லாயிரம் ஆட்டங்களின் கணக்கில் இந்த ஏற்றம் தெளிவாகத் தெரிகிறது. ஆகவே ஐந்தாவது, ஆறாவது இன்னிங்ஸில் மூன்றாம் சுற்று தொடங்கும்போதே புதுத் தெம்போடு ஒருவரை இறக்குவது லாபம் என்கிறது கணக்கு. டாம்பா பே அணி 2018 மே மாதம் இதைத் தலைகீழாகவும் செய்து பார்த்தது. வழக்கமாகக் கடைசியில் வீசும் செர்ஜியோ ரோமோவை முதல் இன்னிங்ஸுக்கு மட்டும் இறக்கி, உண்மையான பந்துவீச்சாளரை அதன் பிறகு அனுப்பியது. இன்று பல அணிகளும் அப்படிச் செய்கின்றன.

இதன் விளைவு பெரிது. 1986இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் ஃபெர்னாண்டோ வாலென்சுவேலா தனி ஒருவராக 20 ஆட்டங்களைத் தொடக்கம் முதல் முடிவு வரை வீசி முடித்தார். 2024இல் மேஜர் லீகின் 30 அணிகளும் சேர்ந்து அப்படி முடித்தவை 28. மெக்சிகோவிலிருந்து வந்த அந்த இளைஞர் 1981இல் எழுப்பிய ரசிக அலை, இன்று யார் வீசுகிறார் என்று பார்த்து டிக்கெட் வாங்கும் பழக்கத்தின் உச்சம். ஐந்து இன்னிங்ஸில் திரும்பிப் போகிறவரை நம்பி அப்படி ஓர் அலை எழாது. தரவுக் குழுக்கள் போடும் கணக்கில் இந்த இழப்புக்கு ஒரு கட்டம்கூட இல்லை என்பது நியாயமான குறை.

இந்த மோதல் மிகக் கூர்மையாக வெளிப்படுவது பெர்ஃபெக்ட் கேம் கைகூடும் நேரத்தில். எதிரணியின் 27 பேட்டர்களையும் ஒருவர்கூட பேஸ் ஏறவிடாமல் வரிசையாக வீழ்த்துவதுதான் பெர்ஃபெக்ட் கேம். மேஜர் லீகின் நெடிய வரலாற்றிலேயே அது 24 முறைதான் நடந்திருக்கிறது. 2022 ஏப்ரல் 13 அன்று மினியாபொலிஸ் நகரில், கடுங்குளிரில், டாட்ஜர்ஸின் கிளேட்டன் கெர்ஷா ஏழு இன்னிங்ஸில் 21 பேரையும் வீழ்த்தினார். 13 ஸ்ட்ரைக்அவுட். வீசியவை 80 பந்துகள் மட்டுமே. மேனேஜர் டேவ் ராபர்ட்ஸ் அவரை அத்துடன் நிறுத்தினார். எட்டாவது இன்னிங்ஸில் அலெக்ஸ் வெசியா வந்தார், கேரி சான்செஸ் ஒரு ஹிட் அடித்தார், எல்லாம் முடிந்தது. கெர்ஷா 2014இல் ஒரு முறை இதன் வாசல்வரை போனவர். அன்று சகவீரர் செய்த ஒரு பிழையால் அது வெறும் நோ ஹிட்டராக, அதாவது ஹிட்டே கொடுக்காத ஆட்டமாக, நின்றுவிட்டது. 34 வயதில் இன்னொரு வாய்ப்பு வருமா என்று ரசிகர்கள் கொதித்ததில் தவறில்லை.

ஆனால் ராபர்ட்ஸிடம் காரணங்கள் இருந்தன. முந்தைய பருவத்தின் முடிவில் கெர்ஷாவின் முன்கை காயப்பட்டு அவர் பிளேஆஃபில் ஆடவே இல்லை. உரிமையாளர்களின் கதவடைப்பால் பயிற்சி முகாம் சுருங்கியிருந்தது. அந்தப் பருவத்தில் அதுதான் அவருடைய முதல் ஆட்டம். கெர்ஷாவே முடிவை ஏற்றுக்கொண்டார். பிறகு ஜூலையில் சொந்த மைதானத்தில் ஆல் ஸ்டார் ஆட்டத்தைத் தொடங்கி வைத்தார், அக்டோபரிலும் வீசினார். இங்கே தரவு காத்தது ஒரு மனிதரின் கையை. ரன் கணக்குக்காக ஒருவரை எடுப்பதும், உடம்புக்காக எடுப்பதும் வெளியே பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டும் வேறு. முன்னதில் ரசிகரின் ஆசைக்கு எடை கொடுக்கலாம், பின்னதில் கொடுக்கக் கூடாது.

ராபர்ட்ஸ் உணர்ச்சியற்றவர் என்ற பேச்சும் சரியல்ல. 2016 செப்டம்பரில் மயாமியில் ரிச் ஹில் ஏழு பெர்ஃபெக்ட் இன்னிங்ஸ் முடித்தபோது, விரல் கொப்புளத்தை எண்ணி அவரை எடுத்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் பிட்ஸ்பர்க்கில் அதே ஹில் எட்டு பெர்ஃபெக்ட் இன்னிங்ஸ் முடித்தார். இம்முறை ராபர்ட்ஸ் தடுக்கவில்லை. ஒன்பதாவதில் சகவீரர் பிழையால் பெர்ஃபெக்ட் போயிற்று. ஸ்கோர் 0-0 என்பதால் ஆட்டம் பத்தாவது இன்னிங்ஸுக்கு நீண்டது. அதிலும் ஹில்லே வீச, ஜோஷ் ஹாரிசன் அடித்த ஹோம் ரன்னில் டாட்ஜர்ஸ் தோற்றது. அன்று கொப்புளம் இல்லை, அதனால் பந்து ஹில்லின் கையிலேயே இருந்தது.

ஜப்பானில் இந்தக் கேள்வி இன்னும் கனமானது, ஏனெனில் அங்கே ஒருவர் கடைசிவரை வீசுவது நெடுங்காலமாக மானத்தோடு சேர்த்துப் பார்க்கப்பட்டது. 2007 நவம்பரில் ஜப்பான் சீரிஸின் ஐந்தாவது ஆட்டம். சுனிச்சி டிராகன்ஸின் டைசுகே யமாய் எட்டு பெர்ஃபெக்ட் இன்னிங்ஸ் வீசியிருக்க, மேனேஜர் ஹிரோமிட்சு ஒச்சியாய் அவரை எடுத்துவிட்டு ஹிட்டோகி இவாசேவை இறக்கினார். 1-0 என்று வென்று, அந்த அணி 53 ஆண்டுகளுக்குப் பிறகு பட்டம் பெற்றது. ஆனாலும் நாடே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. பட்டமே கிடைத்தும் அந்த விமர்சனம் அடங்கவில்லை என்பதிலிருந்து, ரசிகர் கேட்பது வெற்றி மட்டுமல்ல என்று தெரிகிறது.

2022 ஏப்ரல் 10 அன்று சிபா லோட்டே மரீன்ஸின் 20 வயது ரோக்கி சசாக்கி 105 பந்துகளில் பெர்ஃபெக்ட் கேம் முடித்தார். அதில் 19 ஸ்ட்ரைக்அவுட், 13 தொடர்ச்சியாக. ஒரே வாரம் கழித்து, ஏப்ரல் 17 அன்று, மறுபடியும் எட்டு பெர்ஃபெக்ட் இன்னிங்ஸ். அடுத்தடுத்து இரண்டு என்பது உலகின் எந்தப் பெரிய லீகிலும் கேள்விப்படாத ஒன்று. 102 பந்துகள் முடிந்திருந்தன, ஸ்கோர் 0-0. மேனேஜர் தடாஹிட்டோ இகுச்சி அவரை நிறுத்தினார். பத்தாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் வாங்கி அணி 1-0 எனத் தோற்றது. சசாக்கிக்கு இது முதல் அனுபவம் அல்ல. 2019இல், கோஷியென் தேசியப் பள்ளிப் போட்டிக்குத் தகுதி பெறும் மாகாண இறுதி ஆட்டத்தில், முந்தைய நாள் 129 பந்துகள் வீசியிருந்த அவரைப் பயிற்சியாளர் இறக்கவே இல்லை. பள்ளி தோற்றது, கண்டன அழைப்புகள் குவிந்தன. அடுத்த ஆண்டு முதல் பள்ளி ஆட்டங்களில் வாரத்துக்கு 500 பந்துகள் என்ற வரம்பு வந்தது.

ரசிகர் பக்கம் சாய்ந்து முடிவெடுத்தவர்களில் நியூயார்க் மெட்ஸின் டெர்ரி காலின்ஸ் முக்கியமானவர். 1962இல் தொடங்கிய மெட்ஸுக்கு ஐம்பது ஆண்டுகளாக ஒரு நோ ஹிட்டர்கூட வாய்க்கவில்லை. 2012 ஜூன் 1 அன்று யோஹான் சன்டானா அதைக் கொடுத்தார். தோள் அறுவை சிகிச்சையால் 2011 முழுவதும் ஆடாத அவர் அன்று 134 பந்துகள் வீசினார். காலின்ஸ் கலங்கியபடியே பார்த்துக்கொண்டிருந்தார். அதே ஆண்டு ஆகஸ்டுக்குப் பிறகு சன்டானா மேஜர் லீகில் ஒரு பந்துகூட வீசவில்லை. அந்த ஒரு ராத்திரிதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல வழியில்லை. காரணமில்லை என்று சொல்லவும் வழியில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து வேர்ல்ட் சீரிஸின் ஐந்தாவது ஆட்டத்தில், மெட்ஸ் 2-0 முன்னிலை. எட்டு இன்னிங்ஸில் ரன்னே கொடுக்காத மேட் ஹார்வியை எடுக்க காலின்ஸ் தீர்மானித்தார். ஹார்வி மறுத்து வாதாடினார், மைதானமே ஹார்வியின் பெயரைச் சொல்லி முழங்கியது. காலின்ஸ் விட்டுக்கொடுத்தார். ஒன்பதாவதில் ஒரு வாக், ஒரு டபுள். ஹார்வி வெளியேறியபோது காரியம் கைமீறியிருந்தது. 12 இன்னிங்ஸில் 7-2 என வென்ற கன்சாஸ் சிட்டி பட்டத்தைக் கொண்டுபோனது. பொறுப்பைக் காலின்ஸ் தன்மீதே ஏற்றுக்கொண்டார்.

எதிர்முனையில் 2020 வேர்ல்ட் சீரிஸின் ஆறாவது ஆட்டம். டாம்பா பேயின் பிளேக் ஸ்னெல் 73 பந்துகளில் ஒன்பது ஸ்ட்ரைக்அவுட் எடுத்து, இரண்டே ஹிட் கொடுத்திருந்தார், அணி 1-0 முன்னிலை. ஆறாவது இன்னிங்ஸில் மூன்றாம் சுற்று தொடங்கும் தருவாயில் மேனேஜர் கெவின் கேஷ் அவரை எடுத்து நிக் ஆண்டர்சனை இறக்கினார். மூக்கி பெட்ஸ் டபுள் அடித்தார், அதே இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் முந்தியது, 3-1 என வென்று பட்டமும் பெற்றது. இதைத் தரவின் தோல்வி என்று பலரும் எழுதினார்கள். அது அரைகுறை வாசிப்பு. அடுத்து வரவிருந்த பெட்ஸ், சீகர், டர்னர் மூவரும் அன்று ஸ்னெல்லிடம் ஆறு முறையும் ஸ்ட்ரைக்அவுட் ஆகியிருந்தனர். இடதுகை வீச்சுக்கு எதிராக பெட்ஸுக்கு அந்தப் பருவத்தில் சராசரி .200 மட்டுமே. ஆண்டர்சனோ அதற்கு முன் தொடர்ந்து ஆறு ஆட்டங்களில் ரன் கொடுத்திருந்தார். இவையும் தரவுகளே. கேஷ் பல எண்களில் ஒன்றை மட்டும், பருவம் முழுதும் தன்னைக் காத்த பழக்கமான எண்ணை மட்டும், நம்பினார். அன்று ரசிகரின் கண் சொன்னதும் மற்ற எண்கள் சொன்னதும் ஒன்றே.

பேட்டர்கள் விஷயத்தில் சமநிலை காண்பது எளிது, கை முறியும் ஆபத்து இல்லை. 2022இல் செயின்ட் லூயிஸ் அணி 42 வயது ஆல்பர்ட் புஹோல்ஸைத் திரும்ப அழைத்தது. அவர் 700 ஹோம் ரன் தொடுவாரா என்பதே ரசிகர்களின் பேச்சு. மேனேஜர் ஆலிவர் மார்மோல் அவரை நாள்தோறும் ஆடவைக்கவில்லை, பெரும்பாலும் இடதுகைப் பந்துவீச்சாளர்களுக்கு எதிராக இறக்கினார். புஹோல்ஸ் 24 ஹோம் ரன் அடித்து 703இல் ஓய்வு பெற்றார். நினைவுப் பரிசாகத் தொடங்கிய ஒப்பந்தம் அணிக்கே பலமானது. இதற்கு மாறாக, 2014இல் யாங்கீஸின் ஜோ ஜிரார்டி, 40 வயது டெரெக் ஜீட்டரைக் கடைசிவரை பேட்டிங் வரிசையில் இரண்டாம் இடத்திலேயே வைத்திருந்தார். சராசரி .256க்கு இறங்கியிருந்தது, அணி பிளேஆஃபுக்குப் போகவில்லை. ஜீட்டரை ஆறாம், ஏழாம் இடத்துக்கு இறக்கியிருந்தாலும் அதே ரசிகர் கூட்டம் வந்திருக்கும்.

லீக் நிர்வாகமும் சும்மா இருக்கவில்லை. 2023இல் பந்துவீச நேரக்கெடு வந்தபின் பார்வையாளர் எண்ணிக்கை, 2017க்குப் பிறகு முதன்முறையாக 7 கோடியைத் தாண்டியது. தொடக்கப் பந்துவீச்சாளரை எடுத்தால் அணி, பந்துவீச்சாளருக்குப் பதிலாக பேட் செய்யும் தன் டெசிக்னேட்டட் ஹிட்டரையும் இழக்கும் என்ற விதியை அட்லான்டிக் லீகில் 2021இல் சோதித்தார்கள். நட்சத்திரத்தை நீண்ட நேரம் வைத்திருப்பதைத் தரவே பரிந்துரைக்கும்படி செய்யும் புத்திசாலித்தனமான யோசனை அது. மேஜர் லீக் இன்னும் ஏற்கவில்லை.

அப்படி ஒரு விதி இல்லாமலேயே 2025 அக்டோபரில் ராபர்ட்ஸ் ஒருமுறை அல்ல, இருமுறை யோஷினோபு யமமோட்டோவைக் கடைசிவரை வீசவிட்டார், மில்வாக்கிக்கு எதிராகவும், டொரன்டோவில் வேர்ல்ட் சீரிஸின் இரண்டாவது ஆட்டத்திலும். பிளேஆஃபில் அதற்கு முன் கடைசியாக முழு ஆட்டம் வீசியவர் 2017இல் ஜஸ்டின் வெர்லாண்டர். டொரன்டோவில் முதல் ஆட்டத்தின் ஆறாவது இன்னிங்ஸில் மட்டும் டாட்ஜர்ஸ் ஒன்பது ரன் கொடுத்திருந்தது, மாற்றுப் பந்துவீச்சாளர்கள் மேல் நம்பிக்கை குன்றியிருந்தது. யமமோட்டோவோ கடைசி 20 பேரை வரிசையாக வீழ்த்தி, 105 பந்துகளில் முடித்தார். ஆறாவது ஆட்டத்தில் 96 பந்துகள் வீசிய அவரை, மறுநாளே ஏழாவது ஆட்டத்தின் இறுதியில் ராபர்ட்ஸ் மறுபடி அழைத்தார். அவர் கடைசி எட்டு அவுட்களை எடுக்க, டாட்ஜர்ஸ் 11 இன்னிங்ஸில் 5-4 என வென்றது.