உலாவில் இல்லாத பருவம்

பெண்ணின் மேனியைப் பாடுவதில் நம் புலவர்கள் சிக்கனம் காட்டியவர்கள் அல்லர். பாதாதிகேசம் என்றும் கேசாதிபாதம் என்றும் பெயரிட்டு, அங்கம் அங்கமாக எடுத்துப் புகழ்ந்திருக்கின்றனர். ஆயினும், அம்மேனி தன் வாழ்நாளில் அடையும் மாற்றங்களுள் மிகப் பெரியதான சூற்காலத்தைப் பற்றி அவர்கள் சொன்னது யாது? இவ்வினா வெறும் ஏட்டாராய்ச்சி அன்று. திரிங்காப்பிலோ அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலோ நம் சகோதரி ஒருத்தி, ஆறாம் மாதத்தில் கண்ணாடிமுன் நின்று தன் உடலைத் தானே வெறுப்பாளாயின், அழகு என்பது இன்னது என்று நாம் அவளுக்குக் கற்பித்து வந்த பாடமும் அதற்கு ஒரு காரணமாகும்.

உலா என்னும் பிரபந்தத்தை எடுத்துக்கொள்வோம். தலைவன் வீதியில் பவனி வர, பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுவகைப் பருவ மகளிர் அவனைக் கண்டு மயங்குவதே அதன் பொருள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய மூவருலா இவ்வகையில் பெயர் பெற்றது. ஐந்து வயதுச் சிறுமியிற் தொடங்கி நாற்பது வயதிற் முடிப்பது வழக்கமான கணக்கு. பெண்கள் கருவுறுவதும் பெறுவதும் பெரும்பாலும் இந்த ஆண்டுகளுக்குள்ளேதான். எனினும், வயிறு கனத்த பெண் நிற்பதற்கு அவ்வீதியில் ஒரு பருவம் வகுக்கப்படவில்லை. பருவம் என்பது அவள் என்ன ஆகிறாள் என்பதன் அளவன்று; காண்பவன் கண்ணுக்கு அவள் எவ்வாறு தோன்றுகிறாள் என்பதன் அளவே. பிள்ளைத்தமிழோ குழந்தைக்குக் காப்பு, செங்கீரை, தால் எனப் பத்துப் பருவம் வகுத்தது. அக்குழந்தையைச் சுமந்த பத்துத் திங்களுக்கு அதிலும் ஒரு பருவம் இல்லை.

இனி இடையை நோக்குக. மின்னல் என்றும், கொடி என்றும், உடுக்கை என்றும் உவமித்து, அதுவும் போதாமல், இடை என ஒன்று உண்டோ இல்லையோ என்று ஐயுற்றுப் பாடுவதும் மரபாயிற்று. இல்லாத இடையே அழகென்றால், நாளுக்கு நாள் பெருகும் இடையை என்னென்பது? அம்மரபு ஏட்டோடு நின்றுவிடவில்லை. திரைப்பாட்டிற் புகுந்தது, இன்று கைப்பேசியிற் பரவும் படங்களில் வாழ்கிறது.

சூலுற்ற பெண்ணைச் சேக்கிழார் ஓரிடத்தில் காட்டுகிறார். கோச்செங்கட் சோழனின் தாய் கமலவதிக்குப் பேறு நெருங்கியபோது, இன்னும் ஒரு நாழிகை கழித்துப் பிள்ளை பிறந்தால் அவன் உலகாள்வான் என்றனர் சோதிடர். அவள் தன்னைத் தலைகீழாகக் கட்டச் செய்து பேற்றைத் தாமதித்தாள். சிவந்த கண்களோடு பிறந்த மகவைக் கண்டு உயிர் நீத்தாள். இதனைத் தாயன்பின் சிகரம் என்று போற்றுவோர் பலர். யான் கேட்பது இதுதான்: அவளுடைய உடம்பு யாருடையது? அவளுடையதா, சோதிடருடையதா? நாள் பார்த்து, நேரம் பார்த்து வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுக்கச் சொல்லும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றனவே!

நிற்க. நம் இலக்கியம் முழுவதும் இப்படியே என்று தீர்ப்பளிப்பது நேர்மையன்று. புறநானூற்றின் 20-ஆம் பாட்டில் குறுங்கோழியூர் கிழார், சேரன் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் நாட்டு மண்ணைப் பகைவர் உண்ணார், வயாவுற்ற மகளிர் மட்டுமே வேட்கையால் உண்பர் என்கிறார். மண் தின்னும் வேட்கை இரும்புச்சத்துக் குறைவோடு தொடர்புடையது என்று இன்று மருத்துவர் சொல்வர். ஆதலின் அதனைப் பின்பற்ற வேண்டா. ஆனால், ஓர் அரசனின் பெருமைக்கு அளவுகோலாகக் கருவுற்றவளின் வேட்கையை எடுத்தாளப் புலவர் நாணவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதனினும் சிறந்தது குறுந்தொகையின் 287-ஆம் பாட்டு. பாடியவர் கச்சிப்பேட்டு நன்னாகையார் என்னும் பெண்பாற் புலவர். நீரை முகந்த கார்மேகம் வானில் நேரே எழமாட்டாமல், மலையைச் சார்ந்து சார்ந்து ஏறுகிறது. அதற்கு அவர் காட்டும் உவமை, நிறைசூலின் பாரத்தால் நடை தளர்ந்து, புளிப்பை விரும்பும் மகளிர். மின்னலை இடைக்கு உவமித்தவர் பலர். மேகத்துக்கு வயிற்றை உவமித்தவர் இவர். திரிங்காப்பில் வாழ்வோர்க்கு இதற்கு உரை தேவையில்லை. பிற்பகலில் பள்ளத்தாக்கிலிருந்து தேயிலைச் சரிவு வழியே மேகம் மெல்ல ஏறுவதை நாம் கண்டிருக்கிறோம். அதனை விகாரம் என்பார் யார்? மழை வருகிறது என்றே சொல்வோம்.

ஆனால், சூலுற்றவள் எந்நேரமும் பூரித்தே இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவதும் மற்றொரு தளையே. 1959-இல் அமெரிக்கக் கவி சில்வியா பிளாத், அடிக்கு ஒன்பது அசையாக ஒன்பதே அடிகளில், தன் சூலுற்ற உடம்பை விடுகதையாக்கினார். அதில் நகைப்பும் உண்டு. திகைப்பும் சலிப்பும் உண்டு. தன்னம்பிக்கை என்பது உடலின் மாற்றம் முழுதும் பிடித்திருப்பதன்று. பிடிக்காத நாளிலும் அவ்வுடலுக்காக நாணாதிருப்பதே.

நாணம் அறியாமையால் வளர்கிறது. சூற்காலத்தில் ரத்தம் ஏறத்தாழப் பாதியளவு மிகுகிறது. இயல்பான உடலெடை உடையவளுக்கு 11.5 முதல் 16 கிலோ வரை எடை கூடுவது தகும். வயிற்றில் விழும் வரிகள் தோல் விரிவதன் அடையாளம். அவை நாளடைவில் மங்கும், முற்றும் மறையாதிருக்கலாம். முகத்திற் படரும் கருமை வெயிலால் மிகும். மலையில் வேலை செய்வோர்க்குத் தொப்பி உதவும். ஆனால், முகமும் கையும் திடீரென வீங்கித் தலைவலியும் கண்மங்கலும் கூடினால், அதனை இயல்பென்று இருந்துவிடாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வளைகாப்பு என்னும் வழக்கத்தில் ஓர் உண்மை உண்டு. கனத்த உடம்பை மறைக்காமல், ஊரார் நடுவில் இருத்தி வளையல் பூட்டுகின்றனர். புலவர் மறந்ததை மக்கள் மறக்கவில்லை. ஆயின், கைம்பெண்ணையும் பிள்ளையில்லாதவளையும் ஒதுக்கிவிட்டு அதனை நடத்துவது எவ்வகையிலும் நியாயமன்று. ஒருத்தியின் உடம்பைப் போற்ற மற்றொருத்தியின் உடம்பை இழிவுபடுத்த வேண்டுமா?

யான் செக்ரோல் எழுதுபவன். அவ்வேட்டில் சூலுற்ற பெண் ஒரு பெயர். அவள் எதிரே ஒரு குறி. தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரி முதல் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று. இது நற்செய்தியே. ஆனால், சட்டம் நாட்களைத் தரும். தன் உடம்பை நோக்கும் கண்ணைத் தராது. அதைத் தரவேண்டியது இலக்கியம். நம் எழுத்தாளர்கள் எட்டாம் பருவத்தைப் பாடுவார்களாக. முதற்கண் நம் பெண்களே அதனை எழுதுவார்களாக. நன்னாகையார் வழி காட்டியிருக்கிறார்.