‘எந்த ஊர்?’: சொந்த ஊர் என்னும் கருத்தாக்கமும் ஓசூர் எல்லைப் பகுதியும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்த் திறனாய்வு ‘சொந்த ஊர்’ என்பதைப் பெரும்பாலும் பிறந்த மண் என்றே பொருள்கொண்டு, ஊரேக்கத்தை அம்மண்ணைப் பிரிந்ததன் துயரமாக விளக்கி வந்துள்ளது. பிறர் வந்து குடியேறிய ஊராகவும், பன்மொழியாளரின் பழைய ஊராகவும் ஒருங்கே விளங்கும் ஓசூர், கிருஷ்ணகிரித் தொழில் எல்லைப் பகுதிக்கு இவ்விளக்கம் பொருந்தவில்லை. ஊர் என்பது பிறப்பால் மட்டும் அமைவதன்று, பிறரது ஏற்பாலும் அமைவது என்பதைத் திணைக் கோட்பாடு, வட்டார இலக்கியம், ஊர் பற்றிய மானிடவியல் ஆய்வு ஆகியவற்றின் துணைகொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: சொந்த ஊர், ஊரேக்கம், ஓசூர், பாலைத் திணை, வட்டார இலக்கியம், புலப்பெயர்வு.

முன்னுரை

அறிமுகமற்ற தமிழர் இருவர் சந்தித்தால் பெயரை அடுத்து எழும் வினா, ‘உங்களுக்கு எந்த ஊர்?’ என்பதாகும். இவ்வினாவின் இலக்கண அமைப்பே கவனிக்கத்தக்கது. ஒருவர் எங்கே வசிக்கிறார் என்று அது கேட்பதில்லை. நான்காம் வேற்றுமையில் அமைந்து, ஊரை ஒருவருக்கு உரியதாக, ஏறத்தாழ ஓர் உறவுமுறையாகக் கொள்கிறது. ‘உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?’ என்பதும் இதே அமைப்பினது.

ஓசூரில் இவ்வினா எளிதில் நிறைவடைவதில்லை. இருபது ஆண்டுகள் அங்கே பணியாற்றி, வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்த ஆலைத் தொழிலாளி ஒருவர் ‘ஓசூர்’ என்று விடை கூறினால், ‘அது சரி, சொந்த ஊர்?’ என்னும் மறுவினா எழும். அவர் திருநெல்வேலியையோ தஞ்சாவூரையோ சொன்ன பிறகே கேட்டவர் அமைதி கொள்வார். வாழும் ஊர் வேறு, சொந்த ஊர் வேறு என்னும் இப்பிரிப்பை நாம் இயற்கையானதாகக் கருதுகிறோம். அது இயற்கையானதுதானா என்பதே இக்கட்டுரையின் வினா.

புதிய ஊரின் பழமை

‘ஓசூர்’ என்பது ‘புதிய ஊர்’ எனப் பொருள்படும் ‘ஹொஸ ஊரு’ என்னும் கன்னடத் தொடரின் தமிழ் வடிவம். நம் வழக்கிலுள்ள ‘புத்தூர்’ என்பதற்கு இணையான பெயர் இது. ஆயினும் இப்பகுதி புதியதன்று. மல்லச்சந்திரத்துக் கற்திட்டைகளும், கி.மு. 2172 எனக் காலங்கணிக்கப்பட்ட இரும்புப் பயன்பாட்டுச் சான்றை அளித்த மயிலாடும்பாறையும் இம்மாவட்டத்திலேயே உள்ளன. மைசூர்ப் போர்களின் விளைவாக 1792இல் பாராமகாலும், 1799இல் ஓசூரை உள்ளடக்கிய பாலாகாட்டுப் பகுதியும் ஆங்கிலேயர் வசமாகிச் சேலம் மாவட்டத்தில் இணைந்தன. ஆட்சி எல்லைகள் பின்னரும் மாறின. 1965இல் தருமபுரி மாவட்டமும், 2004இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டமும் பிரிந்தன. 2019இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று.

இவற்றினும் பெரிய மாற்றத்தைக் கொணர்ந்தது தொழில்மயமாக்கம். 1971இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் அப்பத்தாண்டிலேயே ஓசூரில் தொழில் வளாகம் அமைத்தது. 1980களில் வண்டி உற்பத்தி ஆலைகளும் கைக்கடிகார ஆலையும் இயங்கத் தொடங்கின. தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும், பின்னர் வட மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் வந்து சேர்ந்தனர். எனவே ஓசூரில் இருவகை மக்களைக் காண்கிறோம். ஒரு சாரார் வேறிடத்தில் ஊரை வைத்துக்கொண்டு இங்கே வாழ்பவர். மற்றொரு சாரார் தலைமுறைகளாக இங்கேயே வாழ்ந்தும் ஊர் தம் கண்முன்னே மாறக் கண்டவர். இவ்விரு சாராரின் ஊரேக்கத்தையும் ஒரே கோட்பாட்டால் விளக்க இயலுமா என்று பார்க்கவேண்டும்.

திணைக் கோட்பாடும் பிரிவும்

தமிழ்ப் பொருளிலக்கணம் நிலத்தையும் உணர்வையும் இணைத்தது என்பது பலரும் அறிந்தது. அவ்விணைப்பு எத்தகையது என்பதில்தான் தெளிவு தேவைப்படுகிறது. முதல், கரு, உரி என்னும் மூன்றனுள் உரிப்பொருள் அல்லாதவை மயங்குதல் உண்டு என்று தொல்காப்பியம் இடந்தருகிறது. நிலங்கள் ஒருங்கே மயங்கா என்றும் அது கூறுவதால் உரையாசிரியர்கள் இவ்விடத்தை நுணுகி விளக்குவர். எவ்வாறாயினும் திணையை இறுதியில் அறுதியிடுவது உரிப்பொருளாகிய உணர்வே என்பதில் ஐயமில்லை.

பிரிவுக்குரிய பாலைக்குத் தொல்காப்பியம் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். இதன் உட்பொருள் சிந்திக்கத்தக்கது. பிரிவுத் துயர் எங்கு நிகழ்கிறதோ அங்கே எந்நிலமும் பாலையாகலாம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், ரோசாத் தோட்டங்கள் சூழ்ந்த குளிர்ச்சியான ஓசூர், நிலத்தால் பாலைக்கு எதிரானது. எனினும் பொருள்வயிற் பிரிந்து வந்தோரின் விடுதி அறையில் நிலவும் திணை பாலையே.

ஆனால் அகமரபு அப்படியே இங்கே தொடர்கிறது என்று கூறிவிட முடியாது. இரண்டு வேறுபாடுகளைச் சுட்டவேண்டும். முதலாவதாக, அகப்பாடல்களில் பொருள்தேடிப் பிரிபவன் தலைவன். மனையிலிருந்து ஆற்றியிருப்பவள் தலைவி. இன்று கிருஷ்ணகிரி மாவட்ட மின்னணு ஆலைகளில் பணிபுரிவோரில் பெருந்தொகையினர் இளம்பெண்கள். ஜார்க்கண்ட் போன்ற தொலைமாநிலங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்குவோரும் அவருள் அடங்குவர். பிரிந்துசெல்பவள் பெண்ணாகும்போது, ‘ஊர்’ என்பது ஏக்கத்துக்குரிய இடமாக மட்டும் இருப்பதில்லை. அவளது ஊதியத்தை எதிர்பார்ப்பதும், திருமணத்தின் பெயரால் அவளைத் திரும்ப அழைப்பதும் அதே ஊர்தான். இரண்டாவதாக, மாமூலனார் முதலியோர் பாடல்களில் தலைவன் வேங்கடத்துக்கு அப்பால், மொழி வேறுபடும் நாட்டுக்குச் செல்கிறான். மலை கடந்த பின்னரே மொழி மாறுகிறது. ஓசூரிலோ மொழி மாறுவதற்கு மலையைக் கடக்கவேண்டியதில்லை. அடுத்த வீட்டுக்குச் சென்றாலே போதும்.

வட்டார இலக்கியம் விட்ட இடைவெளி

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊரைப் பற்றிய நம் சிந்தனையை வடிவமைத்ததில் வட்டார இலக்கியத்துக்குப் பெரும்பங்கு உண்டு. கி. ராஜநாராயணனின் படைப்புகளும் 1982இல் வெளிவந்த அவரது கரிசல் வட்டாரச் சொல்லகராதியும் பேச்சுமொழிக்கு இலக்கிய மதிப்பை ஈட்டித்தந்தன. அதன்பின் கரிசல், கொங்கு, நாஞ்சில், நடுநாடு என வட்டாரங்களின் வரைபடம் விரிந்தது. அவ்வரைபடத்தில் ஓசூருக்கு உரிய இடம் அமையவில்லை. ஓசூரில் எழுத்தாளர் இல்லாமை இதற்குக் காரணமன்று. மதுரையில் பிறந்த பா. வெங்கடேசன் ஓசூரில் வாழ்ந்தே எழுதிவருகிறார். ஆதவன் தீட்சண்யாவின் எழுத்தும் இதழியல் பணியும் ஓசூரை மையமாகக் கொண்டவை. ஆயினும் இவர்களை ‘ஓசூர் வட்டார எழுத்தாளர்’ என்று திறனாய்வு அழைப்பதில்லை. வட்டாரம் என்றால் ஒரு மண், ஒரு வழக்கு, அதில் பிறந்த ஓர் எழுத்தாளர் என்னும் முன்முடிவே இதற்குக் காரணம்.

இம்முன்முடிவை வட்டார இலக்கியத்தின் முதன்மைப் படைப்பே மறுக்கிறது. 1976இல் வெளிவந்த ‘கோபல்ல கிராமம்’, தெலுங்கு நாட்டிலிருந்து தப்பிவந்தோர் காட்டை அழித்து ஊர் அமைத்த கதை. கரிசல் மண்ணின் காவியமாக நாம் கொண்டாடுவது உண்மையில் ஒரு குடியேற்றக் கதை. அக்குடியேறிகளுக்குக் கரிசல் எப்போது சொந்த ஊராயிற்று என்னும் வினாவை நம் திறனாய்வு போதிய அளவு எழுப்பவில்லை. எழுப்பியிருந்தால் ‘மண்’ என்பது தொடக்கமன்று, நெடிய உழைப்பாலும் அண்டை அயலாரின் ஏற்பாலும் பெறப்பட்ட விளைவு என்பது புலனாகியிருக்கும். கோபல்ல கிராமத்தாருக்கு ஊர் அமைக்கும் உரிமையை மனமுவந்து அளிக்கும் நாம், ஓசூர்த் தொழிலாளியிடம் ‘சொந்த ஊர்?’ என்று மீண்டும் கேட்கிறோம். இதில் முரண் உள்ளது.

நீங்காமலே இழத்தல்

1688இல் பாசெல் நகரில் யோகன்னஸ் ஹோபர் என்னும் மருத்துவ மாணவர், தாயகம் நீங்கியோரைப் பற்றும் நோய்க்கு ‘நாஸ்டால்ஜியா’ என்று பெயரிட்டார். வீடு திரும்புதலே அதற்கு அவர் கண்ட மருந்து. ஏக்கத்துக்குக் காரணம் தொலைவு என்றால் அம்மருந்து பொருந்தும். இடம்பெயராதவருக்கு ஏக்கம் வந்தால் என்ன செய்வது? ஆஸ்திரேலியாவின் ஹண்டர் பள்ளத்தாக்கில் நிலக்கரிச் சுரங்கங்களால் நிலம் உருமாறியதைக் கண்டு வருந்திய மக்களை ஆராய்ந்த கிளென் ஆல்பிரெக்ட், வீட்டில் இருந்துகொண்டே வீட்டுக்காக ஏங்கும் நிலையைக் குறிக்க 2003இல் ‘சோலாஸ்டால்ஜியா’ என்னும் சொல்லைப் படைத்தார்.

ஓசூரின் பழங்குடிகள் பலருக்கு இரண்டாவது சொல்லே பொருந்தும். வேளாண் நிலங்கள் ஆலைகளாயின. கர்நாடகத்திலிருந்து வரும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்க ஓடுவது செய்தியாகிறது. தளி, பாகலூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் தெலுங்கும் கன்னடமும் பலருக்கு வீட்டுமொழிகள். கேழ்வரகை ஒருவர் களியாகவும், அடுத்தவர் முத்தெயாகவும், மூன்றாமவர் சங்கட்டியாகவும் உண்பது இங்கே இயல்பான வாழ்க்கை. 1956இன் மொழிவழி மாநிலச் சீரமைப்புக்குப் பின் அவர்கள் ‘மொழிச் சிறுபான்மையினர்’ ஆயினர். 2006இன் தமிழ் கற்றல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது தாய்மொழிக் கல்வி குறித்த அவர்களது கவலை நீதிமன்றம்வரை சென்றது. அரசின் மொழிக்கொள்கைக்குரிய நியாயங்களை இக்கட்டுரை மறுக்கவில்லை. ஆனால் தலைமுறைகளாக ஓரிடத்தில் வாழ்பவரை அவரது பேச்சைக் கேட்டுவிட்டு ‘எந்த ஊர்?’ என்று வினவும்போது, அவர் ஓரடியும் நகராமலே வெளியூராராகிறார். எல்லைக்கு அப்பாலும் இதுவே நிகழ்ந்தது. 1991 டிசம்பரில் காவிரிச் சிக்கலை ஒட்டிப் பெங்களூரில் நிகழ்ந்த வன்முறையில் தமிழர் பலர் வெளியேற நேர்ந்தது. பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தோருக்கு அவர்களைத் துரத்தியதும் ஊர்தான். புகலிடமாகச் சுட்டப்பட்ட ‘சொந்த ஊர்’ அவர்கள் அறியாதது.

ஊரும் கிராமமும் சேரியும்

இவ்விடத்தில் இ. வாலண்டைன் டேனியல் 1984இல் வெளியிட்ட ஆய்வு துணைபுரிகிறது. திருச்சிராப்பள்ளி வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றை ஆராய்ந்த அவர், ‘கிராமம்’, ‘ஊர்’ என்னும் சொற்களை வேறுபடுத்தினார். கிராமம், அரசு வரைந்த எல்லைக்குள் அடங்குவது. யார் சொன்னாலும் மாறாதது. ஊர், சொல்பவரை மையமாகக் கொண்டு விரிந்தும் சுருங்கியும் அமைவது. மனிதருக்கும் மண்ணுக்கும் இடையிலான குண ஒத்திசைவு அதில் முதன்மை பெறுகிறது. இப்பகுப்பின்படி ‘சொந்த ஊர்’ என்று நாம் கேட்பது பெரும்பாலும் கிராமத்தையே. ஆவணத்தில் எழுதத்தக்க, மாறாத ஒன்றை எதிர்பார்க்கிறோம்.

எனினும் டேனியலின் ஒத்திசைவுக் கருத்தையும் முழுமையாக ஏற்க இயலாது. மண்ணோடு ஒத்துப்போகும் உரிமை எல்லார்க்கும் ஒரேபடியாக வழங்கப்பட்டதில்லை. ஊர் என்னும் சொல்லின் மறுபாதி சேரி. வடமாவட்டங்களில் அது காலனி. ‘ஊருக்குள்’ வரக்கூடாதவராக வைக்கப்பட்டவருக்கு அவ்வூர் எவ்வாறு சொந்தமாகும்? 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் போற்றுவோரை அம்பேத்கர் கடுமையாக மறுத்ததன் அடிப்படை இதுவே. 2012 நவம்பரில் தருமபுரி மாவட்டம் நத்தம் காலனியில் தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. பெங்களூரு முதலிய நகரங்களில் உழைத்த பொருளால் எழுப்பிய வீடுகளும் அவற்றுள் இருந்தன. வெளியூரில் ஈட்டிச் சொந்த ஊரில் வீடு கட்டுதல் என்னும் தமிழரின் பொதுக்கனவு, அங்கே சொந்த ஊராலேயே தண்டிக்கப்பட்டது.

‘எந்த ஊர்?’ என்னும் வினா, அதனை அடுத்து ‘எந்தத் தெரு?’ என்பதும், வாய்விட்டுக் கேட்கப்படாத சாதியும் தொடர்வதால், எல்லார்க்கும் ஒரே வினாவாக இருப்பதில்லை. சிலர்க்கு அது உறவின் தொடக்கம். சிலர்க்கு அது விசாரணை. ஆலையின் பணியெண்ணும், வாடகைக் குடியிருப்பும் தரும் முகமின்மையைத் தனிமை என்று வருந்துவோர் உண்டு. விடுதலை என்று மகிழ்வோரும் உண்டு. ஊரேக்கத்தை மாந்தர் அனைவர்க்கும் பொதுவான இனிய உணர்வாகக் கொள்ளும் திறனாய்வு இவ்விரண்டாமவரின் குரலைக் கேளாமல் விடுகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவது ஒன்று. ஊரேக்கம், பிரிந்துவந்த இடத்தைப் பற்றியது என்பதைவிட, அவ்விடத்தில் ஒருவர்க்கு இருந்த நிலையைப் பற்றியது. எங்கே ஒருவர் தம்மை விளக்கவேண்டிய கட்டாயமின்றி வாழ முடிகிறதோ, அங்கே அவர்க்கு ஊர் அமைகிறது. அக்கட்டாயம் சுமத்தப்பட்டால் பிறந்த தெருவும் அயலிடமாகும். ஆகவே வட்டார இலக்கியத் திறனாய்வு பிறப்பை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாமல், ஏற்பையும் அளவுகோலாகக் கொள்ளவேண்டும். கலப்புமொழியும் வாடகை வீடும் இரவுப்பணியும் ஒரு வட்டாரத்தின் கருப்பொருள்களாக ஏற்கப்படவேண்டும்.

புறநானூற்றின் 192ஆம் பாடலை நாம் உலக மேடைகளில் பெருமையுடன் எடுத்துக்காட்டுகிறோம். எல்லா ஊரையும் தன் ஊராகக் கொள்ளும் அப்பெருமிதம், செல்பவர் கூற்றாக அமைந்தது. அக்கூற்று மெய்யாவதற்கு, வந்தவரைத் தம்மவராகக் கொள்ளும் மற்றொரு கூற்று தேவை. அதனை உரைக்கவேண்டியவர் ஊரில் முன்பே இருப்பவர். ‘ஓசூர்தான் என் ஊர்’ என்று ஒருவர் கூறும்போது மறுவினா எழுப்பாதிருத்தல் அதற்கு நல்ல தொடக்கமாகும்.