மேடை வரை உருண்டு போகுமா? இசைக்குழுவுக்கு ஏற்ற மடக்கு டிராலி

மாலை ஏழு மணிக் கச்சேரிக்கு, மெல்லிசைக் குழுவின் குட்டியானை வேன் மூன்று மணிக்கே கல்யாண மண்டபத்தின் பின்வாசலில் வந்து நின்றுவிடும். மேடை இருப்பதோ கூடத்தின் மறுகோடியில். இடையில் சமையல்கட்டை ஒட்டிய ஈரத்தரை, பாத்திரம் கழுவுமிடத்தின் வடிகால் சல்லடை, இரண்டு சென்டிமீட்டர் தூக்கி நிற்கும் நிலைப்படி, அதைத் தாண்டினால் வழுவழு கிரானைட், கடைசியில் மேடைக்கு ஏறும் நான்கைந்து படிகள். ஒரு மடக்கு டிராலி நல்லதா இல்லையா என்பதை இந்த வழி சொல்லிவிடும். அட்டைப்பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் ‘300 கிலோ தாங்கும்’ என்ற வரி சொல்லாது.

முதலில் சுமையைக் கணக்கிட்டுக்கொள்வது நல்லது. யமஹா டிபிஆர்15 ஸ்பீக்கர் ஒன்று 19.3 கிலோ, மேடையின் இருபுறத்துக்கும் இரண்டு வேண்டும். அதே நிறுவனத்தின் டிஎக்ஸ்எஸ்15 சப்ஊஃபர் 36 கிலோ. ரோலண்ட் எஃப்பி-30எக்ஸ் டிஜிட்டல் பியானோ 14.8 கிலோ, எடையைவிட அதன் 130 சென்டிமீட்டர் நீளம்தான் பெரிய தொல்லை. இந்த நான்கு பொருள்களே 89 கிலோவைத் தாண்டிவிடுகின்றன. ஸ்டாண்டுகள், மிக்சர், ரிதம் பேட், ஒயர் பெட்டி எல்லாம் ஏறினால் சுமை நூறு கிலோவுக்கு மேல் போகும். இது நடுத்தரமான ஒரு குழுவின் கணக்கு. முழு டிரம்ஸ் செட்டோடு வரும் குழுக்களுக்கு இதுவும் போதாது.

கருவி செய்பவர்களுக்கும் இந்த வலி தெரியும். ஆம்பெக் நிறுவனத்தின் எஸ்விடி-810இ பேஸ் கேபினெட் 63.5 கிலோ எடையுள்ளது. எட்டு ஸ்பீக்கர்களைச் சுமக்கும் அந்தப் பெட்டியின் முதுகிலேயே சக்கரமும், சாய்த்து இழுப்பதற்கான கைப்பிடியும் வைத்துத்தான் விற்கிறார்கள். ஃபெண்டர் வேறு வழியில் போனது. 29 கிலோ இருந்த ட்வின் ரிவெர்ப் ஆம்ப்பின் ஒலியை டிஜிட்டல் முறையில் கொண்டுவந்து, டோன் மாஸ்டர் என்ற பெயரில் 15 கிலோவுக்கு இறக்கிவிட்டது. இருந்தாலும் நம் குழுக்களில் பலரும் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கனத்த ஸ்பீக்கர்களைத்தான் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் சக்கரமே துணை.

சந்தையில் கிடைக்கும் மடக்கு டிராலிகளை மூன்று வகையாகப் பார்க்கலாம். எல் வடிவத்தில் இரண்டு சக்கரத்தோடு நிமிர்ந்து நிற்கும் கைவண்டி ஒன்று. தட்டையான பலகையும் நான்கு சக்கரமும் மடங்கும் கைப்பிடியும் கொண்ட பிளாட்பார டிராலி இன்னொன்று. நீளம் கூட்டிக் குறைத்து, கைப்பிடிகளை நிமிர்த்தியும் படுக்கவைத்தும் பல உருவம் எடுக்கும் மல்டிகார்ட் மூன்றாவது. துணி தொட்டி வைத்த சுற்றுலா வண்டிகளும் மடங்கும்தான். ஆனால் ஸ்பீக்கரின் கூரான மூலைகள் துணியைக் கிழிக்கும், அடிப்பலகையும் நடுவில் தொய்யும். அவற்றை விட்டுவிடலாம்.

எல் வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு மேக்னா கார்ட்டின் எம்சிஎக்ஸ். அலுமினியச் சட்டம், ஐந்து அங்குலச் சக்கரம், 68 கிலோ தாங்கும் திறன். அடித்தட்டை மேலே மடக்கினால் சக்கரங்களும் தாமாகவே உள்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கின்றன. மடித்த வண்டி கீபோர்டு பைக்குப் பின்னாலோ ஆட்டோ சீட்டின் பின்புறமோ ஒதுங்கிவிடும். ஒரு கையால் தூக்கிவிடலாம். தனியாக வாசிக்கப் போகும் கிடார் கலைஞருக்கு, ஓர் ஆம்ப்பும் ஓர் எஃபெக்ட்ஸ் பெட்டியும் கொண்டுபோக இது அருமையான வண்டி. மேடைக்கு நான்கு படி ஏற வேண்டியிருந்தால்கூட, பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டு ஒவ்வொரு படியாக இழுத்துவிடலாம்.

ஆனால் நிலைப்படியில் அதன் குறை தெரிந்துவிடுகிறது. சக்கரம் சிறியதாக ஆக ஆகத் தடையை ஏறுவது கடினமாகும் என்பது எல்லாருக்கும் தெரியும்; எவ்வளவு கடினம் என்பதை எளிய கணக்கிலேயே பார்க்கலாம். சக்கரங்களின் மேல் 40 கிலோ சுமை இருக்கிறது, எதிரே இரண்டு சென்டிமீட்டர் உயரத் தடை. அச்சின் உயரத்தில் நேராக மெதுவாக இழுத்தால், ஐந்து அங்குலச் சக்கரத்துக்கு ஏறத்தாழ 42 கிலோ அளவு இழுவிசை வேண்டும். அதாவது, தூக்கி வைப்பதைவிட அதிக பலம். எட்டு அங்குலச் சக்கரத்துக்கு 30 கிலோ போதும். பத்து அங்குலத்துக்கு 26. சாய்த்துப் பிடித்து மேல்நோக்கி இழுக்கும்போது இந்த எண்கள் கொஞ்சம் குறையும், ஆனால் சக்கரங்களுக்கு இடையிலான வித்தியாசம் மறையாது. எனவே எல் வகை வாங்குபவர்கள், மடித்தால் கொஞ்சம் பருமனாக இருந்தாலும் பரவாயில்லை என்று ஏழு அல்லது எட்டு அங்குலச் சக்கரம் உள்ளதைத் தேடுவது நல்லது. தினமும் ஆட்டோவில் போகிறவருக்கு மட்டும் எம்சிஎக்ஸ் மாதிரியான தட்டை வண்டி பொருந்தும்.

ரயிலில் போகிறவர்களும் இதில் சேர்த்தி. ரயில்வே இலவசமாக அனுமதிக்கும் சுமை, படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ஆளுக்கு 40 கிலோதான். டிராலியின் எடையும் அந்தக் கணக்கில்தான் வரும். மதுரைக்கோ நெல்லைக்கோ கச்சேரிக்குப் போகும் குழு பெரிய டிராலியை ஏற்றிப் பயனில்லை. சீட்டுக்கு அடியில் நுழையும் எல் வண்டி இரண்டைக் கொண்டுபோவதே புத்திசாலித்தனம்.

பிளாட்பார டிராலி நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். சென்னையில் பாரிமுனைப் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் 150 கிலோ, 300 கிலோ என்று இரண்டு அளவில் வரிசையாக நிற்கும். கைப்பிடியை மடக்கிக் குட்டியானையின் பக்கவாட்டில் நிறுத்திவிடலாம். சப்ஊஃபரை நடுவில் வைத்து, அதன்மேல் இரண்டு ஸ்பீக்கர்களையும் படுக்க வைத்து பெல்ட் போட்டால் ஒரே நடையில் எல்லாம் போய்விடும். கிரானைட் தரையில் ஒரு விரலால் தள்ளினாலே நகரும். சமதளத்தில் இதை வெல்ல எதுவும் இல்லை.

சிக்கல், அதன் நான்கைந்து அங்குலச் சக்கரங்கள். வடிகால் சல்லடையின் இடுக்கில் முன்சக்கரம் மாட்டிக்கொண்டால், அதன்மேல் கிடக்கும் நூறு கிலோவும் முன்னோக்கிச் சாயும். பியானோவை குறுக்கே வைத்தால் இரு பக்கமும் முக்கால் அடிக்கு மேல் நீட்டிக்கொண்டு கதவில் இடிக்கும். நிமிர்த்தி வைத்தால் ஓர் ஆள் பிடித்துக்கொண்டே கூட நடக்க வேண்டும். இன்னொரு விஷயம், 300 கிலோ என்ற அந்த எண். சுமையைச் சீராகப் பரப்பி, சமதளத்தில் நிறுத்திய நிலையில் தாங்குவதைத்தான் அது குறிக்கிறது. மேடு பள்ளமான தரையில் நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் நிலத்தைத் தொடுவதில்லை. அதனால்தான் சக்கரத் தொழிலில் உள்ளவர்கள், மொத்தச் சுமையை நான்கால் வகுக்காமல் மூன்றால் வகுத்து ஒவ்வொரு சக்கரத்தின் பலத்தையும் முடிவு செய்வார்கள். ஒரு சக்கரம் 50 கிலோ தாங்கும் என்றால் அந்த வண்டிக்கு 150 கிலோதான் எல்லை, 200 அல்ல.

மல்டிகார்ட் வகையை இசைக்கலைஞர்களுக்கென்றே உருவாக்கிப் பரப்பியது அமெரிக்காவின் ராக் அண்ட் ரோலர். அதன் ஆர்12 மாதிரி சுமையைப் பொறுத்து 34 அங்குலத்திலிருந்து 52 அங்குலம் வரை நீளும். 52 அங்குலம் என்றால் 132 சென்டிமீட்டர். எஃப்பி-30எக்ஸ் போன்ற 88 கட்டைப் பியானோ நெடுக்காகப் படுத்துக்கொள்ளும், கதவில் இடிக்கும் பேச்சே இல்லை. பின்சக்கரங்கள் பத்து அங்குல உயரமும் மூன்று அங்குல அகலமும் உள்ளவை. காற்று அடைக்கத் தேவையில்லாத வகை என்பதால் பஞ்சர் பயம் கிடையாது. தாங்கும் திறன் 500 பவுண்டு, ஏறத்தாழ 227 கிலோ. இருபக்கக் கைப்பிடிகளும் நிமிர்ந்தும் படுத்தும் எட்டு விதமாக அமைகின்றன: நீளமாகப் படுத்தால் தள்ளுவண்டி, குறுகி நிமிர்ந்தால் எல் வண்டி. நிலைப்படியை அந்தப் பெரிய சக்கரங்களே முன்னால் போகும்படி வண்டியைத் திருப்பி இழுத்தால், நாலு பேர் தூக்க வேண்டிய இடத்தை ஒருவரே கடந்துவிடலாம். வடிவமைப்பு என்ற அளவில் இதற்கு இணை இல்லை.

குறையும் உண்டு. ஆர்12-க்கு முழுப் பலகை கிடையாது. சட்டத்தின் குழாய்கள் மேல்தான் பெட்டிகள் உட்கார வேண்டும். ஒயர் பெட்டி, மிக்சர் போன்ற சின்னப் பொருள்கள் இடைவெளியில் இறங்கிவிடும் என்பதால் கீழே ஒரு பிளைவுட் பலகை போட்டுக்கொள்வது அவசியம். வெறும் வண்டியே பத்து கிலோவுக்கு மேல். இங்கே பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருப்பதால், கப்பல் கூலியும் வரியும் சேர்ந்து விலையை எங்கேயோ கொண்டுபோய் விடுகின்றன. இதே குடும்பத்தின் சின்ன வண்டியான ஆர்2, 350 பவுண்டு தாங்கும். கீபோர்டு கலைஞரும் பாடகரும் மட்டும் போகும் சிறிய நிகழ்ச்சிக்கு அதுவே தாராளம்.

எந்த வகையானாலும் கடையில் நின்று சில சோதனைகளைச் செய்யாமல் பணம் கொடுக்கக் கூடாது. வண்டியை விரித்து, கைப்பிடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்க வேண்டும். கீல் இருக்கும் இடத்தில் லொடலொடவென்று ஆட்டம் இருந்தால், சுமை ஏறியபின் அது இரண்டு மடங்காகும். மடக்கு வண்டியின் உயிரே அந்தக் கீலில்தான் இருக்கிறது. சட்டம் வளைந்து கெட்ட வண்டிகளைவிடக் கீல் தளர்ந்து கெட்டவையே அதிகம். கீலில் ரிவெட் அடித்திருக்கிறார்களா, போல்ட் போட்டிருக்கிறார்களா என்று குனிந்து பார்க்கலாம். போல்ட் என்றால் ஸ்பேனரை வைத்து முடுக்கிக்கொள்ளலாம். ரிவெட் தளர்ந்தால் அதை அறுத்து எடுத்துவிட்டுத்தான் சரிசெய்ய முடியும். சக்கரங்கள் நான்கு போல்டில் கழன்று வரும் தட்டோடு இருந்தால் இன்னும் நல்லது. இரும்புச் சட்டம் விரிசல் விட்டால் தெருமுனை வெல்டிங் பட்டறையில் ஒட்டிவிடுவார்கள். அலுமினியத்துக்கு ஆர்கான் வெல்டிங் வேண்டும், அது எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. கடலோர ஊர்களில் இரும்பு துருப்பிடிக்கும் என்பதும் உண்மைதான்; பவுடர் கோட்டிங் உரிந்த இடத்தில் உடனே பெயின்ட் அடித்தால் தப்பிக்கலாம்.

சக்கரத்தின் மேலுறையையும் கவனிக்க வேண்டும். கெட்டி நைலான் லேசாக உருளும், ஆனால் கடகடவென்று ஊரை எழுப்பும். ஒலிமாசு விதிகளின்படி பெரும்பாலும் இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும். அதற்குப் பிறகுதான் குழுவினர் பொருள்களை வெளியே இழுக்கிறார்கள். தூங்கும் தெருவில் நைலான் சக்கரம் போடும் சத்தம், அடுத்த வாய்ப்பைத் தரவேண்டிய மண்டபக்காரரின் காதிலும் விழும். கறுப்பு ரப்பர் சத்தம் போடாது. பதிலுக்கு வெள்ளைத் தரையில் கோடு இழுக்கும். சாம்பல் நிற ரப்பரோ பாலியூரிதேன் பூச்சோ உள்ள சக்கரம் இரண்டு தொல்லையும் தராது. காற்றடைத்த டயர் அதிர்ச்சியை நன்றாக வாங்கிக்கொள்ளும், ஆனால் மாதக்கணக்கில் வீட்டு மூலையில் நின்றுவிட்டுக் கச்சேரி நாளன்று காற்றிறங்கிக் கிடக்கும்.

பிரேக் உள்ள சக்கரம் ஆடம்பரம் இல்லை, தேவை. மண்டபங்களில் இப்போது சாய்தளம் வைக்கிறார்கள். ஓரடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற நிர்ணய அளவில் கட்டிய சாய்தளத்தில்கூட, 120 கிலோ வண்டி தன்னால் 10 கிலோ விசையோடு கீழ்நோக்கி இழுக்கும். நடுவில் கதவைத் திறக்கக் கையை எடுத்தால் அவ்வளவுதான். பல பழைய மண்டபங்களில் சாய்தளம் இதைவிடச் செங்குத்து.

கடத்தை மட்டும் எந்த டிராலியிலும் ஏற்றக் கூடாது. மிருதங்கத்தையும் தபலாவையும் மெத்தை வைத்த பெட்டியில் மேலடுக்கில் வைக்கலாம். மண்ணில் செய்த கடம், சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கும் அதிர்வுக்கே விரிசல் விடும். அது கலைஞரின் கையிலேயே போகட்டும். கீபோர்டின் மேல் ராட்செட் பெல்ட்டை இறுக்குவதும் ஆபத்து. ஸ்பீக்கர்களை ராட்செட்டால் கட்டிவிட்டு, கீபோர்டை மட்டும் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிற்றால் பிடித்துக்கொள்ளலாம்.

பணம் ஒரு பொருட்டில்லை என்றால் நான்கைந்து பேர் கொண்ட குழுவுக்கு ஆர்12 வகைதான் சரியான தேர்வு. அது கட்டுப்படியாகாது என்றால், 300 கிலோ பிளாட்பார டிராலி ஒன்றை இரும்புச் சட்டத்தில் வாங்கி, வந்த சக்கரங்களைக் கழற்றிவிட்டு, பட்டறையில் கொடுத்து எட்டு அங்குல பாலியூரிதேன் சக்கரங்களை மாட்டிக்கொள்ளலாம். துளைகளின் இடைவெளி பொருந்துகிறதா, சுழலும் சக்கரம் பலகையின் அடியில் இடிக்கிறதா என்று முன்கூட்டியே அளக்க வேண்டும். பலகை கொஞ்சம் உயரும், அதனால் சப்ஊஃபரைத் தவிர வேறெதையும் அடியில் வைக்கக் கூடாது. விலை உயர்ந்த வண்டியின் வசதியில் முக்கால்வாசி இதில் கிடைத்துவிடும். கூடவே மேடைப் படிகளுக்காக ஓர் எல் வண்டியையும் வைத்துக்கொண்டால் குழுவுக்குக் குறையொன்றும் இராது.

வாங்கிய பிறகு செய்யவேண்டிய பராமரிப்பு கொஞ்சம்தான். கல்யாண மண்டபத்தில் ஓடும் சக்கரத்துக்கென்றே ஓர் எதிரி உண்டு: தரையில் சிந்திக் கிடக்கும் பூச்சரத்தின் நாரும் ஜிகினா இழையும். இவை அச்சில் சுற்றி இறுகிப் பேரிங்குக்குள் நுழைந்துவிடும். சக்கரம் உருளாமல் தேயத் தொடங்குவது அப்போதுதான். மாதம் ஒருமுறை வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, பிளேடால் நாரை அறுத்து எடுத்து, அச்சில் கிரீஸ் தடவி, கீல் போல்ட்டுகளை ஒரு சுற்று முடுக்கிவிட வேண்டும். கால் மணி நேர வேலை.