காலுறையில் விழுந்த சீதனம்

நத்தார் இரவில் காலுறையைத் தொங்கவிட்டுத் துயிலச் செல்லும் குழந்தையின் கதை வாழ்த்து மடல்களின் வழியாகவும் பாடசாலை ஒளிவிழா மேடைகளின் வழியாகவும் ஆரையம்பதி வரை வந்து சேர்ந்திருக்கிறது. சைவக் குடும்பங்களே மிகுந்த இவ்வூரிலும் பஞ்சுத் தாடி ஒட்டிய நத்தார் தாத்தாவைக் குழந்தைகள் நன்கறிவர். கதையில் அவர் புகைபோக்கி வழியே இறங்குகிறார். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட இந்த மணற்றரையில் குளிர்காயும் அடுப்புக்கு என்ன வேலை? காலுறை என்று வீட்டில் இருப்பதும் பாடசாலைச் சப்பாத்துக்குள் அணியும் வெள்ளைக் காலுறைதான்.

இதனைச் சுட்டிக்காட்டி, இஃது அந்நிய நாகரிகம் என்று ஒதுக்கிவிடுவோர் உளர். அவர்களோடு நாம் உடன்படுவதற்கில்லை. நத்தார் என்ற சொல்லே போர்த்துக்கேயர் தந்தது, சப்பாத்தும் அவ்வாறே. ஒரு கதை எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிலும், வரும் வழியில் எதனை இழந்துவிட்டு வந்தது என்பதே திறனாய்வாளன் கேட்கத்தக்க வினா.

மூலக்கதை 4ஆம் நூற்றாண்டில் சின்ன ஆசியாவின் மிறா நகரில் ஆயராக விளங்கிய நிக்கொலஸைப் பற்றியது. செல்வம் இழந்து வறுமையுற்ற ஒருவனுக்குப் பெண்கள் மூவர். சீதனம் கொடுக்க வழியின்றி அவர்களை விலைமகளிராக்கவும் தந்தை துணிகிறான். இதை அறிந்த நிக்கொலஸ் இரவில் வந்து, சாளரத்தின் வழியே பொன்முடிப்பை எறிந்துவிட்டு மறைகிறார். மூத்தவளின் மணம் நிறைவேறுகிறது. அவ்வாறே இரண்டாமவளுக்கும். மூன்றாம் முறை தந்தை விழித்திருந்து அவரைக் கண்டு காலில் விழுகிறான்; யாரிடமும் சொல்லாதே என்கிறார் அவர். உலர்த்தியிருந்த காலுறைக்குள் பொன் விழுந்தது என்பது பின்வந்தோர் சேர்த்தது. உலகமெங்கும் குழந்தைகள் கொண்டாடும் இவ்வழக்கத்தின் கரு சீதனம் என்பதை நம்மவருள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பர்?

இக்கருவை உதிர்த்தது யார்? 1823 டிசம்பர் 23ஆம் நாள் அமெரிக்காவின் ட்ரோய் நகரப் பத்திரிகையொன்றில் ஆசிரியர் பெயரின்றி ஒரு கவிதை வெளிவந்தது. கிளெமென்ட் மூர் பின்னர் அதனைத் தமதென்றார். வேறொருவருடையது என்று வாதிடுவோரும் உண்டு. அதன் ஓசையும் விரைவும் குழந்தையின் செவிக்கு இனியவை என்பதை மறுத்தல் நேர்மையாகாது. ஆனால் வறுமையின் அச்சமோ, மறைந்து கொடுப்பவனின் நாணமோ அதில் இல்லை. நிறைந்த வீட்டில் காலுறைகளும் நிறைகின்றன, அவ்வளவே. இங்கும் ஒரு தந்தை விழித்திருக்கிறான். மூலக்கதையின் தந்தைக்கு அந்த இரவு வாழ்வா சாவா என்ற இரவு. கவிதையின் தந்தைக்கோ அது ஒரு வேடிக்கை.

மூர் நியூயோர்க் நகரில் பெருநிலம் உடையவர். அவர் காலத்துக்கு முன் நத்தார் நாட்களில் ஏழைகள் செல்வர் வீட்டு வாயிலில் திரண்டு உணவும் குடியும் உரிமையோடு கேட்டு வாங்கினர் என்றும், நியூயோர்க் மேட்டுக்குடியினர் அவ்வாயிலைச் சாத்திவிட்டுத் தம் குழந்தைகளுக்கே பரிசளிக்கும் வீட்டு விழாவாக அதனை மாற்றினர் என்றும் வரலாற்றாசிரியர் ஸ்டீபன் நிசன்பாம் 1996இல் வெளியிட்ட நூலில் விரித்துரைக்கிறார். வெளியே நின்ற வறியவனின் இடத்தில் உள்ளே உறங்கும் சொந்தக் குழந்தை வந்து அமர்ந்தது. 1931 முதல் கொக்கா கோலா விளம்பரங்களில் அதே கிழவர் சிரித்தது வியப்புக்குரியதன்று.

உதிர்ந்துபோன அக்கருவோ நமக்கு அந்நியமானதன்று. மட்டக்களப்பு நாட்டில் வீடு பெண்ணுக்கு உரியது. மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து வாழ்கிறான். பெண்கள் மூவரெனில் வீடுகளும் மூன்று வேண்டும். இருந்த வீட்டை மகளுக்கு எழுதிவிட்டு அயலிலே சிறு வீட்டுக்கு ஒதுங்கும் பெற்றோரை இங்கே காணலாம். தாய்வழிக் குடிமுறை தந்த இவ்வழக்கத்தில் ஒரு காவல் உண்டு: தன் வீட்டில் இருப்பவளைக் கணவன் எளிதில் துரத்திவிட முடியாது. அந்த அளவில் அது போற்றற்குரியதே. எனினும் அவ்வீட்டைக் கட்டும் பொன் எந்தச் சாளரத்தின் வழியே விழுகிறது? அதற்காகக் கிழக்கிலங்கைத் தாய்மார் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் செல்கின்றனர். நிக்கொலஸ் மூன்று முடிப்புகளில் முடித்ததை அவர்கள் பல ஆண்டுகளில் முடிக்கின்றனர். அவர்களைப் பற்றி வாழ்த்து மடல் எவரும் அச்சிட்டதில்லை.

2004ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாட் காலை வந்த கடல் இக்கரையில் அத்தகைய வீடுகள் பலவற்றை அள்ளிச் சென்றது. பின்னர் கொடையாளர் கட்டித் தந்த வீடுகளையும் மக்கள் மகளின் சீதன வீடாகவே எண்ணித் திட்டமிட்டதை மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரேயும் பற்றீசியா லோரன்ஸும் 2010இல் எழுதியுள்ளனர். நிவாரணப் படிவங்களோ குடும்பத் தலைவர் என்ற இடத்தில் பெரும்பாலும் ஆணின் பெயரையே கேட்டன. கிழக்கின் பெண்கள் அமைப்புகள் அதை எதிர்த்துக் குரல் எழுப்பின. கொடுப்பவர் நல்லவராயிருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இதே குறை மூலக்கதைக்கும் உண்டு. நிக்கொலஸ் சீதனத்தைக் கொடுத்தாரேயன்றி, அது கேட்கப்படுவது ஏன் என்று வினவினாரல்லர். மூன்று பெண்களுக்கும் அக்கதையில் பேச்சும் இல்லை. தந்தை வருந்துகிறான், துறவி இரங்குகிறார், பெண்கள் மணமாகிப் போகின்றனர். ஒளிவிழாவுக்கு நாடகம் தேடும் ஆசிரியர்கள் அடுத்த முறை பஞ்சுத் தாடியை வைத்துவிட்டு இம்மூவரை மேடையேற்றிப் பார்க்கட்டும். வசனம் எழுதும் வேலையைப் பத்தாந்தர மாணவியரிடமே விட்டுவிடலாம். ஒரு சீதன வீட்டுக்கு எத்தனை மூட்டைச் சீமெந்து வேண்டும் என்ற கணக்கு அவர்களுக்குத் தெரியும்.