கொலையாளியைத் தேடும் நாவல், நிலத்தைக் கணக்கெடுக்கும் கல்வெட்டு

'பொன்னியின் செல்வன்' இரண்டாம் படம் 2023இல் வந்தபோது, ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட்டுக்குக் கீழே இருக்கும் கோப்பிக்கடையில் ஒரு வாரம் ஒரே கேள்விதான்: ஆதித்த கரிகாலனை யார் கொன்றது? ஐந்து பாகத்தையும் படித்தவன் என்பதால் தீர்ப்புச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அன்று ரொம்ப உற்சாகமாகப் பேசினேன். இப்போது யோசித்தால், அந்தக் கேள்வியே நம்மைத் தவறான பக்கம் இழுத்துவிட்டதோ என்று தோன்றுகிறது.

நாவல் வீரநாராயண ஏரிக்கரையில், ஆடிப்பெருக்கு அன்று, வந்தியத்தேவனின் குதிரையோடு தொடங்கும். அந்த ஏரிக்குப் பக்கத்தில்தான் காட்டுமன்னார்கோயில். அங்கே உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயிலில், ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அவன் அரியணை ஏறியது 985இல். ஆக, கொலை நடந்து கிட்டத்தட்ட பதினெட்டு ஆண்டுக்குப் பிறகு வெட்டப்பட்டது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரின் பெயர்களை அது சொல்கிறது. நாவலின் சதிகாரர்களுக்குப் பெயர் வந்தது இங்கிருந்துதான்.

பெயர்கள் கல்வெட்டிலிருந்து வந்தன, சரி. அவற்றோடு இருந்த பட்டங்கள் என்ன ஆயின? கல்வெட்டில் ரவிதாசன் 'பஞ்சவன் பிரமாதிராஜன்'. பரமேஸ்வரன் 'இருமுடிச்சோழ பிரமாதிராஜன்'. பிரமாதிராஜன் என்பது பிராமண உயர் அதிகாரிகளுக்கு அரசு தந்த பட்டம். பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் சொல். அதைப் பிடித்துக்கொண்டு பாண்டிய விசுவாசம் என்று வாதாடலாம். 'இருமுடிச்சோழ'வை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்த மனிதனுக்குப் பட்டம் கொடுத்தது சோழ அரசு. அதாவது ஆபத்து உள்ளே, ஆபிசுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

கல்கி ரவிதாசனை மந்திரவாதியாக்கி, ஆபத்துதவிகளோடு பள்ளிப்படைக் காட்டில் உட்கார வைத்தார். ஆந்தைக் குரல், இருட்டு, சபதம் எல்லாம் வாசிக்கச் சுகமாக இருக்கும். பதினாறு வயதில் எனக்கும் தூக்கம் போனது. ஆனால் அந்த ஒரு மாற்றத்தால் சோழ அரசு கறைபடாமல் தப்பிவிடுகிறது. பழுவேட்டரையர்கள் உள்ளேயே இருந்து சதி செய்கிறார்கள்தான். ஆனாலும் உயிரை எடுக்கும் பகை வெளியிலிருந்து வருகிறது, பழிவாங்க வருகிறது, ஒரு பெண்ணின் அழகில் ஒளிந்து வருகிறது. நாவல் மீது எனக்கிருக்கும் முதல் புகார் இதுதான்.

இரண்டாவது புகார் இன்னும் பெரியது. கல்வெட்டு கொலையைப் பற்றியதே இல்லை. எப்படி நடந்தது, ஏன் நடந்தது என்று ஒரு வரி கிடையாது. அது ஊர்ச் சபைக்குப் போன ஓர் உத்தரவு: துரோகிகளின் சொத்தைப் பறிமுதல் செய்து விற்க வேண்டும். அவர்களுடையது மட்டுமில்லை. தம்பிமார், பிள்ளைகள், மனைவிமார், தாய்மாமன்மார், பெண் கொடுத்த மாமனார்கள், சகோதரிகளையும் மகள்களையும் கட்டியவர்கள் என்று பட்டியல் நீள்கிறது. அப்படி வந்த நிலத்தை ஒருவர் வாங்கிக் கோயில் தர்மத்துக்கு எழுதிவைக்கிறார். அந்த தர்மத்தின் மூலப்பத்திரம்தான் கல்லில் இருக்கிறது. நிலம் எப்படிக் கைமாறியது என்று காட்ட வேண்டியிருந்ததால்தான் கொலையும் நமக்குத் தெரியவந்தது.

இது சோழர்களின் தனிக்குணமா என்றால் இல்லை. 978இல் இங்கிலாந்தின் இளம் அரசன் எட்வர்ட், கோர்ஃப் என்ற இடத்தில் கொல்லப்பட்டான். மாற்றாந்தாய் மகன் ஏதெல்ரெட் அரசனானான். அங்கே அதற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. ஆனால் இதே ஏதெல்ரெட் நிலம் கொடுத்த சாசனங்களில், பழைய சொந்தக்காரன் என்ன குற்றம் செய்து நிலத்தை இழந்தான் என்ற கதை அடிக்கடி வரும். காரணம் அதேதான்: நாளைக்கு யாரும் வந்து உரிமை கேட்கக்கூடாது.

உறவினர்களை ஏன் சேர்த்துப் பிடிக்க வேண்டும்? 921ஆம் ஆண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். குடவோலை, தேர்தல் என்று நாம் பெருமையாகப் பேசுவது அதைத்தான். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது. அவனுடைய நெருங்கிய உறவினர்களும் முடியாது. நிற்பதற்கே வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும். நிலம் இருந்தால்தான் சபையில் நீ ஒரு ஆள். அந்த உலகத்தில் உறவோடு சேர்த்து நிலத்தைப் பிடுங்குவது, கொல்லாமலேயே ஒரு குலத்தை ஊரிலிருந்து அழித்துவிடுவது. சிற்றப்பா உத்தம சோழனுக்குக் கொலையில் பங்கு உண்டா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். போடட்டும். அந்த மருமகன்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை.

எனக்கு இது உறைக்க ஒரு காரணம் இருக்கிறது. ஜெலுத்தோங்கிலிருந்து கொஞ்ச தூரத்தில் குளுகோரில் கம்போங் புவா பாலா இருந்தது. மாடு வளர்த்த தமிழர்களின் கம்பம். பொங்கலுக்குப் பால் வாங்க அப்பாவோடு போயிருக்கிறேன். 2009இல், எனக்குப் பதினொரு வயதில், நீதிமன்றம்வரை போன வழக்குக்குப் பிறகு அது இடிக்கப்பட்டது. வீட்டில் பெரியவர்கள் "யார் காரணம்?" என்றுதான் கத்திக்கொண்டிருந்தார்கள். நிலம் யார் பேரில் இருந்தது, எப்போது கைமாறியது என்பதெல்லாம் எனக்குப் புரிய இன்னும் பத்து வருடம் ஆனது. இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அங்கே யாரும் துரோகி இல்லை. ஆனால் வில்லனைத் தேடுகிற அவசரத்தில் பத்திரத்தைப் படிக்காமல் விடும் பழக்கம் நமக்கு இருக்கிறது. அதைச் சுவையாகக் கற்றுக்கொடுத்ததில் நமக்குப் பிடித்த நாவலுக்கும் பங்கு உண்டு.

கல்கியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அவர் இல்லாவிட்டால் உடையார்குடி என்ற பெயரே என் காதில் விழுந்திருக்காது. அடுத்து சோழர் நாவல் எழுத உட்காரும் நண்பர்களிடம் ஒன்றுதான் கேட்பேன். வந்தியத்தேவன் அந்த ஏரிக்கரையைக் கடந்து போகட்டும். நீங்கள் ஊருக்குள் வாருங்கள். சபையில் ஓலை வாசிக்கும் நாளில், தன் மாமனார் பெயர் வருமோ என்று பின்வரிசையில் காத்திருக்கும் ஒரு மருமகனிடமிருந்து தொடங்குங்கள்.