ஏலத்தோட்டக் கணக்கில் ஸோஹோ

போடிநாயக்கனூரில் குடியிருந்துகொண்டு, போடிமெட்டுக்கு அப்பால் கேரள எல்லைக்குள் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு என்பது நெடுங்காலமாக இரண்டு இடங்களில் எழுதப்படும் விஷயம். விடியற்காலையில் ஜீப் ஏறி வந்த ஆட்களின் வருகையும் அவர்கள் எடுத்த பச்சைக்காயின் எடையும் மலைமேல் கணக்குப்பிள்ளையின் நோட்டில் இருக்க, ஸ்டோரில் உலர்ந்து இறங்கிய காயின் எடையும், ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்தில் அதற்குக் கிடைத்த விலையும் முதலாளியின் பேரேட்டில் இருக்க, இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திப்பது ஆடிட்டர் கேட்கும்போதுதான். இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரமாகுமா என்று, இணையத்தில் ஆவணம் எழுத ஸோஹோ நிறுவனம் தரும் ரைட்டர், கணக்கு அட்டவணைக்கு அது தரும் ஷீட் ஆகிய இரு செயலிகளையும் காயெடுப்புக் காலத்தில் உபயோகித்துப் பார்த்தேன்.

1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தோன்றி, 2009-இல் ஸோஹோ கார்ப்பரேஷன் ஆன இந்த நிறுவனம் ரைட்டரை வெளியிட்டது 2005-இல். கூகுள், ரைட்லி என்ற செயலியை விலைக்கு வாங்கி இத்துறையில் கால்வைத்ததோ அதற்கு மறு வருஷம். 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் தம் ஆவணங்களுக்கு ஸோஹோவுக்கு மாறுவதாக அறிவித்த பிறகு பலர் இதைத் திரும்பிப் பார்த்தார்கள். தென்காசிக்கு அருகில் மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்தும் நிறுவனம் என்ற அபிமானம் நமக்கு இருக்கலாம். ஆனால் அபிமானத்தால் கணக்கு நேராகிவிடாது.

ஷீட்டின் விசேஷம் கூட்டல் கழித்தலில் இல்லை. யார் எந்தக் கட்டத்தில் எழுதலாம் என்று வரையறுப்பதில் இருக்கிறது. பச்சை எடைப் பத்தியைக் கணக்குப்பிள்ளைக்குத் திறந்துவிட்டு, ஏல விலைப் பத்தியை அவருக்குப் பூட்டிவைத்து, ஆடிட்டருக்கு முழுவதையும் பார்க்க மட்டும் அனுமதி கொடுக்கலாம். ஒரு எண் மாற்றப்பட்டால், அந்தக் கட்டத்தின் வரலாற்றைத் திறந்த மாத்திரத்தில், முன்பு என்ன இருந்தது, யார், எப்பொழுது திருத்தினார் என்பது பிரத்தியட்சமாகிவிடுகிறது. நோட்டில் அடித்துத் திருத்திய எண்ணைப் பற்றி நடக்கும் வாக்குவாதத்துக்கு இங்கே இடமில்லை. சுமார் 5 கிலோ பச்சைக்காய் உலர்ந்து 1 கிலோ ஆவது வழக்கமாதலால், உலர் எடை பச்சை எடையில் ஆறில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால் கட்டம் சிவக்கும்படி ஒரு நிபந்தனை விதித்துவைத்தேன். எடை பிசகியதா, காய் இளசாக எடுக்கப்பட்டதா என்று அன்றைக்கே விசாரிக்க இது போதும். அச்சிட்ட அட்டவணையைக் கைப்பேசியில் படம் பிடித்தால் அதைக் கட்டங்களாக மாற்றித் தரும் வசதியும் உண்டு. எண்களை ஒருமுறை சரிபார்க்காமல் எந்தக் கருவியின் வாசிப்பையும் பேரேட்டில் ஏற்றுவது புத்திசாலித்தனம் ஆகாது.

ரைட்டர் கடிதத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் உரியது. ஒரே ஆவணத்தில் இருவர் ஒரே சமயத்தில் எழுதலாம். ஒருவருக்குக் கருத்து மட்டும் சொல்ல அனுமதி தரலாம். பழைய பிரதிக்குத் திரும்பலாம். மலைச்சரிவில் சிக்னல் அறுந்துபோகும் நமக்கு முக்கியமானது, இணையம் இல்லாதபோதும் எழுதிக்கொண்டு போய், தொடர்பு கிடைத்ததும் தானே சேர்த்துக்கொள்ளும் வசதிதான். அதை இணையம் இருக்கும்போதே முன்கூட்டி இயக்கிவைக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கலாகாது. பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளை அப்படியே ஏற்றினால் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகத்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும். இது எந்த நிறுவனத்தின் செயலிக்கும் பொருந்தும், பாவம், பழி மட்டும் புதிதாக வந்ததன் தலையில் விழுகிறது!

பெரிய காரியாலயங்களை உத்தேசித்துச் செய்த வசதிகள் பல, சிறு தோட்டக்காரருக்கு வேண்டாத சுமை; கைப்பேசியின் சிறு திரையில் பத்துப் பத்திகளுக்குமேல் வைத்தால் கணக்குப்பிள்ளையின் பொறுமையும் தீர்ந்துவிடும். தாமே எடை போட்டுத் தாமே விற்கும் ஒற்றை ஆளுக்குப் பழைய நோட்டே தாராளம். மலையில் ஒருவரும் போடியில் ஒருவருமாகக் கணக்கு வைப்பவர்கள் ஷீட்டை அடுத்த காயெடுப்பிலேயே தொடங்கலாம். தனி நபருக்கு இவ்விரண்டும் இலவசம்.